அடுப்புக்காரரின் அறுபது நாள்

ஜூன் 5: 31
ஜூன் 6: 30
ஜூன் 7: 34
ஜூன் 8: 0
ஜூன் 9: 0. கருகியது 48.
ஜூன் 10: 0. வேகாதது 48.
ஜூன் 11: 0. சரியானது 48, கருகியது 48.
ஜூன் 24: 0. கருகியது இல்லை. வேகாதது இல்லை.
ஜூலை 10: 0. உப்பு 1 கிலோ.
ஜூலை 14: 0. உப்பு 1 கிலோ 300.
ஜூலை 28: ஒன்றரை இழுப்பு.

இவை ஒரு பேக்கரியின் பின்சுவரில், மாவு மூட்டைகளுக்கு மேலே, அடுப்புக்கரியால் எழுதப்பட்டவை. எழுதியவர் அங்கே ரொட்டி சுடுகிற அடுப்புக்காரர். முதல் மூன்று எண்கள் அவர் அன்றன்று ஊதிய சிகரெட்டுகள். ஜூன் 6க்கு முப்பது என்று அவர் எழுதியிருந்தாலும், மாவு பிசைகிற அவருடைய மச்சினன் அது முப்பத்தொன்று என்று இன்றுவரை சாதிக்கிறான். விட்டுப்போன அந்த ஒன்று கழிப்பறையில் நடந்தது என்பது அவன் கட்சி.

அடுப்புக்காரருக்கு வயது ஐம்பத்து நான்கு. இருபத்தொன்பது வருடமாக அதே அடுப்பு. செங்கல் அடுப்பு, இரும்புக் கதவு. கதவைத் திறந்தால் சூடு ஓடிப்போகும். திறக்காவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். தகர அச்சுகளை நீண்ட மரத்துடுப்பால் ஒருமுறை திருப்பி வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவார். பின்வாசலுக்குப் போய், கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின்னில் உட்கார்ந்து ஒன்றைப் பற்றவைப்பார். துண்டை மிதித்து அணைத்துவிட்டு வந்து கதவைத் திறந்தால் நாற்பத்தெட்டு ரொட்டியும் ஒரே நிறத்தில் நிற்கும். பன்னுக்கு முக்கால் சிகரெட், ரொட்டிக்கு ஒன்று, ரஸ்க்குக்கு இரண்டு.

“ஆச்சா அண்ணே?” என்று முதலாளியம்மா கல்லாவிலிருந்து கத்துவார்.

“இன்னும் கால் சிகரெட் இருக்கும்மா!” என்று இவர் பின்வாசலிலிருந்து கத்துவார்.

இந்தப் பதிலைக் கேட்டு வாடிக்கையாளர்கள்கூடத் தலையாட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். சுவர்க்கடிகாரம் நின்று ஆறு வருடமாகியிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. ஒரு நாளில் பதினான்கு சிகரெட் அடுப்புக்கு; மீதி பதினாறோ பதினேழோ அவருடைய சொந்தச் செலவு.

மே 27ஆம் தேதி வெளியூரில் இருக்கும் அவருடைய மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஏழு வாரம் முன்னதாகவே அவசரப்பட்டு வந்துவிட்ட குழந்தை. எடை ஒரு கிலோ எண்ணூற்றைம்பது. மனைவி அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். ஜூன் 6ஆம் தேதி மகளிடமிருந்து கடிதம் வந்தது. மகள் நர்ஸ். மருந்துச் சீட்டு எழுதுகிற மாதிரிதான் கடிதமும் எழுதுவாள்.

“அப்பா, உங்க பேத்தி மூச்சு விடறதையே முழுநேர வேலையா செஞ்சிட்டிருக்கா. புகை மட்டுமில்ல, உங்க சட்டையில இருக்கிற வாசனையே அவளுக்கு ஆகாது. அறுபது நாள். முழுசா. நடுவுல ஒண்ணு ஊதினாலும் மறுபடி முதல் நாள்லேருந்து. ஆகஸ்ட் 10ஆம் தேதி காலையில அவருக்கு மாற்றலான ஊருக்குக் கிளம்பறோம். மூணு வருஷத்துக்குத் திரும்ப மாட்டோம். கணக்கு போட்டுக்கோங்க.”

அதற்குக் கீழே மனைவியின் கோணல் எழுத்து: “உங்களால முடியாதுன்னு நான் சொல்லிட்டேன். கேட்க மாட்டேங்கிறா.”

அடுப்புக்காரர் விரல் விட்டு எண்ணினார். வெள்ளிக்கிழமை, ஜூன் 8, பேக்கரிக்கு விடுமுறை. அன்றைக்கு ஆரம்பித்தால் ஆகஸ்ட் 6 ராத்திரியோடு அறுபது முடியும். கையிருப்பு மூன்றே நாள். நடுவில் ஒருமுறை சறுக்கினால் பேத்தியை நடக்கிற வயதில்தான் பார்க்க வேண்டும். அப்போது அவளிடம் தன்னை யாரென்று சொல்லி அறிமுகம் செய்துகொள்வது என்று யோசித்தார். யோசித்ததில் மனசு சங்கடப்பட்டு இரண்டு ஊதினார்.

வியாழக்கிழமை வழியனுப்பு விழா மாதிரி முப்பத்து நான்கு. வெள்ளிக்கிழமை பூஜ்யம்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் வீட்டை மூன்று முறை பெருக்கினார். சொட்டிக்கொண்டிருந்த குழாயோடு சண்டை போட்டார். அலமாரிக் கதவு முழங்கையில் இடித்ததற்கு அதை ஓங்கி ஓர் அறை விட்டு, பத்து நிமிடம் கழித்துப் போய் “தப்பா எடுத்துக்காதே” என்று தடவிக் கொடுத்தார். தலை தோளில் இல்லாமல் ஒரு சாண் மேலே மிதந்துகொண்டிருந்தது. எதற்கென்று தெரியாமல் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்தது.

சனிக்கிழமை அடுப்பு எரிந்தது. முதல் நாற்பத்தெட்டு ரொட்டியும் உள்ளே போயின. அடுப்புக்காரர் பின்வாசலுக்குப் போனார். நேரம் பார்க்க ஒரு சிகரெட் வேண்டும், ஊதத்தான் கூடாது. ஆகவே ஒன்றைத் தீக்குச்சியால் பற்றவைத்து, வாயில் வைக்காமல், ஜன்னல் விளிம்பில் செங்கல்மேல் வைத்தார். ஆறு அடி தள்ளி மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். அது அணைந்ததும் வந்து கதவைத் திறந்தார். உள்ளே நாற்பத்தெட்டு கரிக்கட்டை.

இத்தனை வருடத்தில் அவருக்குத் தெரிந்திராத விஷயம் அன்றைக்குத் தெரிந்தது. மனிதன் இழுத்தால் ஒரு சிகரெட் ஏழு நிமிடம். தனியாக விட்டால் பதினொன்று.

“அது ஆள் இல்லாம நிதானமா எரியுது அத்தான்,” என்றான் மச்சினன். “நீங்கதான் அதை விரட்டிட்டு இருந்திருக்கீங்க.”

மறுநாள் முதலாளியம்மா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். “ஏழு நிமிஷம் அண்ணே. முள்ளப் பாருங்க, அடுப்பப் பாக்காதீங்க.” அடுப்புக்காரரால் முடியவில்லை. இருபத்தொன்பது வருடமாக ஏழு நிமிடத்துக்குக் கைக்கு ஒரு வேலை இருந்தது. இப்போது வெறும் கை. அரைநிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். பதினோரு முறை திறந்ததில் சூடெல்லாம் ஓடிப்போய், நாற்பத்தெட்டும் உள்ளே களியாக வெளியே வந்தன.

திங்கட்கிழமை ஒரு யோசனை பிறந்தது. தினமும் காலையில் கடைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற கணக்கு வாத்தியார் நல்ல ஊதாரி, அதாவது ஊதுகிற விஷயத்தில். ஓய்வு பெற்றவர், நேரம் இருக்கிறது. “சார், நீங்க எப்படியும் ஊதத்தான் போறீங்க,” என்றார் முதலாளியம்மா. “அதை எங்க ரொட்டிக்காக ஊதினா என்ன?”

வாத்தியாருக்குத் தாங்க முடியாத பெருமை. சட்டைக் கையை மடித்துவிட்டுக் கொண்டார். அடுப்புக் கதவு சாத்தியதும் மச்சினன் வாசலுக்கு ஓடி வந்து “சார், பத்தவைங்க!” என்று கத்துவான். அவர் முடித்ததும் “ஆச்சு!” என்று கத்த வேண்டும். முதல் தடவை அச்சு அசலாக ஏழு நிமிடம். ரொட்டி பொன்னிறம். பேக்கரியே கைதட்டியது. இரண்டாம் தடவை அவர் பேப்பரில் ஏதோ வட்டிக் கணக்கைத் தப்பாகப் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் இருந்தவரிடம் அதை விளக்க ஆரம்பித்தார். சிகரெட் அவர் விரலிடுக்கில் தனியாக, நிதானமாக எரிந்தது.

“சார்! ஆச்சா?”

“இருப்பா, அசலையும் வட்டியையும் பிரிச்சுக் காட்டிட்டு இருக்கேன்!”

பிரித்துக் காட்டி முடித்தபோது நாற்பத்தெட்டும் கரி.

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் முதலாளியம்மாவே கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு அடுப்புக் கதவுக்கும் அடுப்புக்காரருக்கும் நடுவில் நின்றார். ரொட்டி பிழைத்தது. அடுப்புக்காரர் பிழைத்தாரா என்பதுதான் சந்தேகம். மகள் எழுதியிருந்தாள்: “ஆசை வரும்போது மூணு நிமிஷம் தாக்குப்பிடிங்க அப்பா. அது கடன் கேட்டு வர்ற ஆள் மாதிரி. தட்டும், கூப்பிடும், கதவத் திறக்கலேன்னா போயிடும்.” அந்த மூன்று நிமிடத்துக்கு அவர் செய்தவை: மாவு மூட்டைகளைச் சுற்றி ஓடினார். பதினேழாம் வாய்ப்பாடு சொன்னார். கிராம்பு மென்றார், கிராம்பு தீர்ந்தால் தீக்குச்சி, தீக்குச்சி தீர்ந்தால் பென்சில். மாவு நிறுக்கும் தராசில் ஏறி நின்று தன்னை நிறுத்தார். ஜூன் 9இல் அறுபத்தொரு கிலோ இருந்தவர் ஜூன் 20இல் அறுபத்து நான்கரை. கால்சட்டைப் பொத்தான் மாவுத் தொட்டிக்குள் தெறித்து விழுந்ததை மச்சினன்தான் கண்டெடுத்தான்.

“நல்லவேளை அத்தான். யாராவது பல்லுல கடிச்சிருந்தா உங்க பேரைத்தான் சொல்லியிருப்பேன்.”

“டேய், நீ அக்காவுக்கு எழுதறியா இதெல்லாம்?”

“நானா? எனக்கு எழுத ஏது நேரம்?”

இரண்டு நாளில் மனைவியின் கடிதம் வந்தது. “பொத்தான் கிடைச்சதாமே. இறுக்கமா தைச்சுக்கோங்க.”

ஜூன் 24, ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டே காலுக்கு அடுப்புக்காரர் அச்சுகளை உள்ளே தள்ளிவிட்டு நிமிர்ந்தார். மூக்குக்குள் ஏதோ அடைப்பு எடுத்துவிட்ட மாதிரி இருந்தது. முதலில் வந்தது மச்சினன்மேல் சர்க்கரைப் பாகு வாசனை.

“டேய், கேக்குக்கு வெச்சிருந்த பாகை நக்கினியா?”

மச்சினன் வாயைத் துடைத்துக்கொண்டான். “யார் சொன்னா?”

“உன் சட்டையே சொல்லுதே!”

அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து குவிந்தன. மூட்டைச் சாக்கின் சணல் வாசனை. முதலாளியம்மா புதிதாக மாற்றிய தலையெண்ணெய். தெருவில் மழை பெய்யப் போகிற வாசனை. தன்னுடைய சொந்தச் சட்டையின் வாசனையும் வந்தது. அதை முகர்ந்ததும் இத்தனை வருடம் பக்கத்தில் படுத்தவளை நினைத்துக் கொஞ்ச நேரம் தலைகுனிந்து நின்றார். பிறகு அடுப்புக் கதவின் இடுக்கிலிருந்து ஓர் இழை வந்தது. முதலில் ஈர மாவு. கொஞ்ச நேரத்தில் காய்ச்சிய பால். அப்புறம் வறுத்த கடலை. கடலை வாசனை முற்றி, தோல் பொரிகிற ஓரத்துக்கு வந்த நொடியில் அவர் முதலாளியம்மாவை இடித்துத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார்.

“அண்ணே, இன்னும் நாப்பது செகண்டு இருக்கு!”

“உங்க கடிகாரம் தப்பும்மா!”

நாற்பத்தெட்டும் இருபத்தொன்பது வருடத்தில் வராத நிறத்தில் வந்தன. அடுப்புக்காரர் மரத்துடுப்பைத் தோளில் சாத்திக்கொண்டு மாவுத் தொட்டியைச் சுற்றி ஓர் ஆட்டம் போட்டார். மச்சினன் தகரத்தைத் தட்டித் தாளம் போட்டான். முதலாளியம்மா “துடுப்பு பாத்து, துடுப்பு பாத்து!” என்று அலறிக்கொண்டே கைக்கடிகாரத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டார். அன்று சாயங்காலம் அடுப்புக்காரர் தன் வீட்டிலிருந்த சட்டை, போர்வை, திரை எல்லாவற்றையும் ஊறவைத்தார். தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இறங்கியது. நான்கு தண்ணீர் மாற்றினார்.

மூக்குக்குப் பின்னாலேயே நாக்கும் வந்துசேர்ந்தது. ஜூலை 9ஆம் தேதி, சுட்ட ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்துப் போட்டவர் துப்பிவிட்டார்.

“யாருடா இதுல கடல் தண்ணியைக் கொட்டினது?”

“நீங்கதான் அத்தான்.”

உண்மைதான். ஐம்பது கிலோ மாவுக்கு ஒரு கிலோ உப்பு என்று பழைய முதலாளி பலகையில் எழுதி வைத்துவிட்டுப் போனார். ருசி பார்ப்பவர் அடுப்புக்காரர். வருடா வருடம் “சப்புன்னு இருக்கு, இன்னும் ஒரு பிடி” என்று சொல்லிச் சொல்லி அது ஒரு கிலோ அறுநூறில் வந்து நின்றிருந்தது. நாக்கு மரத்துப்போனது யாருக்கும் தெரியவில்லை, அவருக்கே தெரியவில்லை. அந்த ரொட்டியைத்தான் ஊரே தின்று வளர்ந்திருந்தது.

மறுநாள் ஒரு கிலோ போட்டார். ஊர் கொந்தளித்தது. “நோயாளிக்குக் குடுக்கிற ரொட்டியா இது?” என்றார் ஒருவர். கணக்கு வாத்தியார் பாதி தின்ற ரொட்டியைக் கல்லாமேல் வைத்து, “இது ரொட்டி இல்லம்மா, ரொட்டியோட ஞாபகம்,” என்றார். நான்கு நாள் இழுபறிக்குப் பிறகு, ஜூலை 14ஆம் தேதி, ஒரு கிலோ முந்நூறு என்று சமாதானம் ஆயிற்று. பாதி வழியில் சந்தித்தோம் என்று வாத்தியார் கணக்குப் போட்டுக் காட்டினார்.

மனைவிக்கு இது எப்படியோ போய்ச் சேர்ந்தது. எப்படி என்று அடுப்புக்காரர் இப்போது கேட்பதில்லை. “அப்போ முப்பது வருஷமா என் சமையல்ல உப்பு பத்தலைன்னு சொன்னதெல்லாம்?” என்று எழுதியிருந்தாள். “நான் வந்து நேர்ல பேசிக்கிறேன்.” நேரில் என்ற சொல்லை அவர் பலமுறை படித்தார். திட்டப் போகிறாள் என்றாலும் வரப்போகிறாள்.

ஜூலை 28, சனிக்கிழமை, ஐம்பத்தோராம் நாள். காலைத் தபாலில் கடிதம். குழந்தை மூன்று கிலோ நானூறு. நுரையீரல் நன்றாக விரிந்துவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அழுகிறாளாம், அதுவும் அடுத்த வீடு வரைக்கும் கேட்கிற அழுகையாம்.

அடுப்புக்காரர் கடிதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவுக்கே ஓடினார். “கத்தறாளாம் சார்! தெருவே கேக்குதாம்!” வாத்தியார் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார். முதுகில் தட்டினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். அந்தக் குதிப்பில் வாத்தியாரின் பாக்கெட்டிலிருந்து ஒன்று வெளியே வந்தது, தீக்குச்சி உரசியது, அது அடுப்புக்காரரின் உதட்டுக்கு எப்போது வந்தது என்று இருவருக்குமே தெரியாது. முப்பது வருடமாகச் சந்தோஷம் வந்தால் கை அந்த வழியில்தான் போகும். துக்கத்தையும் கோபத்தையும் வெறுங்கையையும் ஐம்பது நாளாகக் காவல் காத்தவர், சந்தோஷத்துக்குக் காவல் போட மறந்துவிட்டார்.

முதல் இழுப்பு முழுசாக உள்ளே போனது. இரண்டாவது வாய் வரைக்கும் வந்தது. அப்போதுதான் எரிந்த துணி மாதிரி ஒரு நாற்றம் மூக்கில் ஏறியது. இருமினார், துப்பினார், சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தார். பிறகு தன் வலது கையையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வாத்தியாருக்கு முகம் வெளுத்துவிட்டது. “ஐயோ, என் தப்பு. என் தப்பு.”

மச்சினன் வாசலில் மாவுக் கையோடு நின்றிருந்தான். “நான் ஒண்ணும் பாக்கலை அத்தான்.”

“பாத்தே.”

“அந்தப் பக்கம் திரும்பிட்டேன்.”

“திரும்பினதே பாத்த பிறகுதானேடா.”

“அத்தான், இன்னும் ஒன்பதே நாள். இதை எழுதினா அக்கா மக மறுபடி முதல் நாள்லேருந்து ஆரம்பிப்பா. அவ எப்படின்னு உங்களுக்குத் தெரியாதா? குழந்தையைப் பாக்கவே முடியாமப் போயிடும். ஒரு இழுப்பு!”

“ஒன்றரை,” என்றார் அடுப்புக்காரர்.

அன்று சாயங்காலம் சுவரில் எழுதினார். கடிதமும் எழுதினார். மழுப்பவில்லை: எத்தனை மணி, எந்த இடம், எத்தனை இழுப்பு, இரண்டாவது ஏன் பாதி. கடைசியில் ஒரே ஒரு வரி சேர்த்தார்: “அவளைத் தூக்கற கை பொய் சொன்ன கையா இருக்கக் கூடாது. நீ சொல்றபடி.” அத்தானுக்குத் தெரியாமல் அக்காவுக்கு எழுதுவதில் கெட்டிக்காரனான மச்சினனே, அந்தக் கடிதத்தைத் திங்கட்கிழமை காலையில் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தான்.

அந்த வாரம் அடுப்புக்காரர் சிகரெட்டைப் பற்றி நினைக்கவே இல்லை. தபால்காரரைப் பற்றி மட்டும் நினைத்தார். செவ்வாய், புதன், வியாழன் ஒன்றுமில்லை. வெள்ளி விடுமுறை, வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார், ஒன்றுமில்லை. ரொட்டி மட்டும் ஒரு நாளும் தப்பவில்லை.

சனிக்கிழமை கடிதம் வந்தது. கையெல்லாம் மாவாக இருந்ததால் முதலாளியம்மா பிரித்து உரக்கப் படித்தார்.

“அப்பா, உங்க வழக்கை விசாரிச்சாச்சு. நீதிபதி மூணு பேர்: நான், அம்மா, அவ. அவ விசாரணை முழுக்கத் தூங்கினா. நான் மறுபடி முதல் நாள்லேருந்துன்னுதான் சொன்னேன், சட்டம்னா சட்டம். அம்மாதான் கடிதத்தை வாங்கி ரெண்டாவது தடவை படிச்சாங்க. ‘எண்ணிக்கையில எப்பவும் ஒண்ணு குறைச்சுச் சொல்ற மனுஷன். இப்ப அரையைக்கூட மறைக்காம எழுதியிருக்காரு, பாரு’ன்னாங்க. அதனால தீர்ப்பு: ஒன்றரை இழுப்புக்கு ஒன்றரை நாள் கூடுதல். ஆகஸ்ட் 8, புதன்கிழமை, மத்தியானம் சரியா பன்னிரண்டு மணிக்கு உங்க தண்டனை முடியுது. அதுக்கு முன்னாடி வாசப்படியில கால் வைக்கக் கூடாது. வந்ததும் சட்டையை மோந்து பாப்பேன். அப்புறம் அவ உங்க கையில.”

கீழே கோணல் எழுத்து: “சீக்கிரமே வந்து தெருமுனையில நிக்கலாமாம். அதுக்குத் தடை இல்லன்னு கேட்டு வெச்சுட்டேன்.”

வாத்தியார் பெஞ்சின்மேல் ஏறி நின்று கைதட்டினார். பாக்கெட்டில் கை போகாமல் பார்த்துக்கொண்டார். மச்சினன் ஓடிவந்து கட்டிக்கொண்டதில் அடுப்புக்காரரின் முதுகில் இரண்டு வெள்ளைக் கைகள் பதிந்தன. அவர் சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்துக்கொண்டார். “செவ்வாய்க்கிழமை ராத்திரி வண்டிக்கே போறேன்மா,” என்றார் முதலாளியம்மாவிடம். “தெருமுனையில நிக்க இடம் கிடைக்கணுமே.”

இந்த விவகாரத்தில் கடைசிக் கடிதம் அதுதான். அது வந்து சேர்ந்தது ஆகஸ்ட் 4, சனிக்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு.